'சகி' மையத்தில் வேலை, மகளைச் சேர விடலாமா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறாள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும், 'சகி' என்று சொல்லப்படும் எங்கள் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தில் வழக்குப் பணியாளர் வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. மாதம் 18,000, இரவுப் பணியும் உண்டாம். அரசு வேலைதானே, பின்னால் நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள் என்கிறாள். சேரட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம்

பதில்: சேரட்டும், ஆனால் நிரந்தரம் ஆகும் என்ற நினைப்பில் வேண்டாம். விளம்பரத்தின் கடைசி வரிகளைப் படித்துப் பாருங்கள், 'முற்றிலும் தற்காலிகமானது, தொகுப்பூதியம்' என்று இருக்கும். இந்த மையங்கள், பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து மத்திய அரசு 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம், 2022இல் பெண்களுக்கான திட்டங்களை ஒன்றாகச் சேர்த்த 'மிஷன் சக்தி'க்குள் கொண்டுபோய்விட்டார்கள். அடிபட்டு வரும் பெண்ணுக்கு மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ், 24 மணி நேரமும். யோசனை நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 24 மணி நேரத்தையும் தாங்குவது ஷிஃப்ட் போட்டு உட்காரும் சில பெண்கள், அவர்களில் ஒருவர் வேலையை விட்டால் புது ஆள் வரும்வரை மற்றவர்கள்தான் அவருடைய இரவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வழக்குப் பணியாளர் என்றால் மேஜையில் உட்கார்ந்து பதிவேடு எழுதும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நள்ளிரவில் 181 என்ற பெண்கள் உதவி எண் மூலம் ஒரு பெண் வந்தால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ஸ்டேஷனில் புகாரை வாங்க வைப்பது, அப்புறம் மாதக்கணக்கில் போனில் விசாரிப்பது எல்லாம் இவர்தான். சம்பளம் போதாமல் அவர் பாதியில் போனால் அந்தப் பெண் தனக்கு நடந்ததை முதலிலிருந்து இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். சம்பளக் குறைச்சலில் எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? தற்காலிகமாக இருந்ததாலேயே நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்று உமாதேவி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல வருடம் வேலை வாங்கிவிட்டு அதே தீர்ப்பைக் காட்டித் துரத்தக்கூடாது என்று 2024 டிசம்பரில், ஜக்கோ வழக்கில், கொஞ்சம் இறங்கி வந்தது. 'ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்' என்ற 2016 தீர்ப்பும் இருக்கிறது, தற்காலிகப் பணியாளருக்கும் அது பொருந்தும். சிக்கல் என்னவென்றால், அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியர் ஒருவரைக் காட்டினால்தான் அந்த வாதம் எடுபடும். இந்த மையங்களில் வேலைக்கு எடுப்பதே ஒப்பந்தத்தில்தான், யாரைக் காட்டுவது?

சேருவதற்கு முன் நாலு விஷயம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்: ஒப்பந்தம் எத்தனை மாதம், பி.எஃப். பிடிப்பார்களா, வார விடுப்பு எப்படி, இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வர வண்டி உண்டா. பிரசவ விடுப்பு தற்காலிகப் பணியாளருக்கும் உண்டு, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: இந்த மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க அரசிடம் பணம் இல்லையா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு தொடங்கியதுதான் நிர்பயா நிதி. அதில் செலவழிக்காமல் கிடக்கும் தொகையைப் பற்றி நாடாளுமன்றக் குழுக்களே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. பெண்கள் பாதுகாப்புக்கென்று கேமரா வாங்க டெண்டர் விட்டால் ஒரு தடவையோடு முடிந்துவிடும், சம்பளம் மாதாமாதம் கொடுக்க வேண்டுமே!