"எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே": குழந்தையும் சுற்றுப்புறமும் – கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளைப் பார்த்துவரும் மருத்துவர் நான். காற்று, தண்ணீர், தூசு இவையெல்லாம் குழந்தையின் உடம்பை என்ன செய்கின்றன என்று கேளுங்கள் என்றதும் வந்து குவிந்தவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: டாக்டர், ஒரே வீட்டில்தான் எல்லோரும் இருக்கிறோம். அதே காற்று, அதே தண்ணீர். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, குழந்தைக்கு மட்டும் தனியாக என்ன வந்துவிடும்?

பதில்: காற்று ஒன்றுதான், உள்ளே போகும் அளவு வேறு. நீங்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறீர்கள். பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் குடிக்கும் அளவும் உங்களைவிடப் பல மடங்கு. அப்புறம் உயரம். நீங்கள் நடந்து கடக்கிற தரையில் அது நாள் முழுக்கக் குடியிருக்கிறது. தூசு படிந்த இடத்தில் கை வைக்கும், அதே கை வாய்க்குப் போகும்.

உங்கள் மூளையும் நுரையீரலும் கட்டி முடித்த வீடு. குழந்தைக்கு இன்னும் கொத்து வேலை நடந்துகொண்டிருக்கிறது. சிமெண்ட் காய்வதற்குள் விழுந்த காலடி அப்படியே நின்றுவிடும். ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குப் போனது. 1956இல் அந்த நோய் வெளியே தெரிந்தது. அறிகுறியே இல்லாத, அல்லது லேசாக மட்டும் இருந்த தாய்மார்களுக்குக்கூடக் கடுமையான மூளைப் பாதிப்போடு குழந்தைகள் பிறந்தன. அதைப் படித்த நாள் முதல் "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது சொன்னால் நான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். ஜன்னல் கட்டைகளில் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. அடுத்த வாரம் ஆள் வைத்துத் தேய்த்துப் புதிதாக அடிக்கப்போகிறோம். பையனுக்கு எட்டு மாதம், தவழ ஆரம்பித்துவிட்டான். வாசனை அடங்கும்வரை வேறு அறையில் வைத்துக்கொண்டால் போதும்தானே?

பதில்: போதாது. நீங்கள் வாசனையை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள், எனக்குத் தூசுதான் பயம். பழைய பெயிண்டில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். கட்டையில் உறுதியாக ஒட்டியிருக்கும்வரை அது பேசாமல் கிடக்கும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அன்றைக்கே பொடியாகி, மூடிய கதவுக்குக் கீழேயும் புகுந்து, பையன் தவழும் தரைக்கு வந்துவிடும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் குடல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சின்னக் குழந்தையின் குடல் பாதிவரைகூட எடுத்துக்கொள்ளும். உடம்போ ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பிலும் சேர்த்துவைக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு கண் மருத்துவர், குழந்தைகளுக்கு விஷமாவது வீட்டுப் பெயிண்ட்தான் என்று 1904இலேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல். நடுவில் எத்தனை குழந்தைகள் தவழ்ந்திருப்பார்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உரிந்த செதிலைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து, வீட்டைத் துடைத்து முடிக்கும்வரை பையன் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம். கர்ப்பிணி யாராவது இருந்தால் அவரும்தான். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தே தேய்க்கச் சொல்லுங்கள். தீ காட்டிப் பெயிண்டை உரிக்க விடவே கூடாது, ஈயம் புகையாகிவிடும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, கடைசியில் அதை உள்பக்கமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். துடைப்பத்தை மட்டும் தொடாதீர்கள். ஈரத்துணி, வாளி வாளியாகத் தண்ணீர், திரும்பத் திரும்ப.

என் மூத்த மகள் தவழும் வயதில் நாங்களும் வாடகை வீட்டு ஜன்னலை இப்படித்தான் உலர்வாகத் தேய்த்தோம். கணவர் தேய்க்க, நான் துடைப்பத்தால் பெருக்கினேன். ஈய நச்சு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள் நான்!

கேள்வி: என் மகனுக்கு வயது மூன்று. ரத்தத்தில் ஈயம் 6 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அவன் நன்றாக ஓடியாடித்தான் இருக்கிறான். நார்மல் எவ்வளவு?

பதில்: உடம்புக்கு ஈயத்தால் ஒரு உபயோகமும் கிடையாது. ஆகவே நார்மல் என்றால் பூஜ்யம். மற்றதெல்லாம் எப்போது நடவடிக்கை எடுப்பது என்பதற்காக வைத்த எல்லைகள். அமெரிக்காவில் 1960களில் ஒரு டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை பொறுத்துக்கொண்டார்கள். 1991இல் அது 10 ஆனது, 2012இல் 5, 2021இல் 3.5. குழந்தைகள் மாறவில்லை, நமக்குத்தான் மெல்ல மெல்லப் புத்தி வந்தது. அதற்குப் பெரிய காரணம் 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட ஆய்வு. பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றில் ஈயத்தை அளந்தார். ஈயம் அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு நோய் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருந்தது. வகுப்பில் கவனமும் நிற்கவில்லை. ஓடியாடுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் பிடிபட்டது.

உலக சுகாதார நிறுவனம் 5ஐ எட்டினாலே மூலத்தைத் தேடச் சொல்கிறது. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் என்றால், தோலில் இருந்த தூசுகூட எண்ணை ஏற்றியிருக்கலாம். கையின் ரத்தக் குழாயில் ஊசி போட்டு எடுத்து மறுபடி பாருங்கள். அதுவும் 6 என்றால் மூலத்தைத் தேடுங்கள்: உரியும் பெயிண்ட், பழைய குழாய், மலிவான வண்ணப் பொம்மை, வீட்டில் யாராவது பேட்டரி அல்லது உலோக வேலை செய்துவிட்டு அதே உடையோடு பிள்ளையைத் தூக்குகிறார்களா என்பதும். இரும்புச் சத்து குறைவாக இருந்தால் ஈயம் கூடுதலாக ஏறும், அதையும் சோதித்துவிடுங்கள். ஈயத்தை வெளியேற்றும் ஊசி மாத்திரையெல்லாம் 45ஐ எட்டினால்தான் பேச்சு. 6க்கு யாராவது கொடுக்க முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: டாக்டரம்மா, பேத்திக்கு இரண்டு மாதம், பால் பவுடர்தான். கிணற்றுத் தண்ணீரை இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கலக்கிறேன். சரிதானே?

பதில்: அம்மா, கிருமிக்குச் சரி. உரம் போட்ட வயல் பக்கத்தில் இருந்தால் கிணற்றில் நைட்ரேட் இறங்கியிருக்கலாம், அது கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மிச்சத்தில் அது செறிவாகும். உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு கூடுவது மாதிரி. மூன்று நான்கு மாதக் குழந்தைவரை ரத்தம் இதைத் தாங்காது. ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலமாகும். அமெரிக்காவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் 1945இல் கிணற்றுத் தண்ணீருக்கும் இந்த நீலத்துக்கும் உள்ள தொடர்பை எழுதினார். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும்வரை வேறு தண்ணீரில் கலக்குங்கள். ஆர்சனிக், புளோரைடு இரண்டும் கொதிக்க வைத்தால் போகாதவைதான். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அம்மா அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் இந்தப் பிரச்சினை வராது, நைட்ரேட் பாலில் அவ்வளவாக இறங்காது.

கேள்வி: மொட்டை மாடியில் நின்றுதான் சிகரெட் பிடிக்கிறேன். அதற்கும் மனைவி சண்டை போடுகிறாள்.

பதில்: அறைக்குள் பிடிப்பதைவிட எவ்வளவோ மேல், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டையிலும் விரலிலும் ஒட்டியது உங்களோடு படியிறங்கி வருகிறது. சட்டையை மாற்றிக் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். கைக்குழந்தையோடு ஒரே படுக்கையில் மட்டும் படுக்காதீர்கள். புகைப்பவர் பக்கத்தில் தூங்கும் குழந்தைக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் ஆபத்து கூடுகிறது. சண்டையில் நான் உங்கள் மனைவி பக்கம்.

கேள்வி: கொசுவத்திச் சுருள் மூலிகையில் செய்தது என்று போட்டிருக்கிறதே, குழந்தை இருக்கும் அறையில் ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். எந்த இலையை எரித்தாலும் புகை புகைதான். ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலை கட்டுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆஸ்துமா. பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. பள்ளியை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: லண்டனில் நெரிசல் மிகுந்த சாலைக்கு அருகே வாழ்ந்த ஒரு சிறுமி, பெயர் எல்லா கிஸ்ஸி-டெப்ரா, 2013இல் ஒன்பது வயதில் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020 டிசம்பரில் விசாரணை முடிந்தபோது, இறப்புக்கான காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசையும் பதிந்தார்கள். ஆகவே உங்கள் கவலை வீண் கவலை அல்ல. ஆனால் பள்ளியை மாற்றுவது எல்லோராலும் முடிகிற காரியமும் அல்ல. வண்டிப் புகை சாலையோரத்தில்தான் அடர்த்தி, சில நூறு மீட்டர் தள்ளிப்போனால் வெகுவாகக் குறையும். உள்தெரு வழியாக நடத்திக் கூட்டிப்போங்கள். வகுப்பில் சாலைப் பக்கம் இல்லாத இடத்தைக் கேளுங்கள். வாசலில் பெற்றோர் வண்டியை அணைக்காமல் உறுமவிட்டு நிற்பதைப் பள்ளி தடுக்கலாம், அதற்குப் பணமே ஆகாது. தடுப்பு இன்ஹேலரை வீசிங் இல்லாத நாளிலும் விடாமல் கொடுங்கள். பாதிப் பேர் நிறுத்துவது அங்கேதான். மாஸ்க்கை மட்டும் நம்பாதீர்கள், பெரியவர்களுக்கானது சின்ன முகத்தில் பொருந்தாமல் ஓரமெல்லாம் காற்று ஒழுகும்.

தெற்கு கலிஃபோர்னியாவில் பல வருடம் பிள்ளைகளின் நுரையீரலை அளந்தவர்கள், காற்று சுத்தமான வருடங்களில் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்ததைக் கண்டார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் அது பொருந்தியது.

கேள்வி: பாதரச தெர்மாமீட்டர் உடைந்து அறை முழுக்க மணி மணியாக உருள்கிறது. வேக்யூம் போட்டு எடுக்கட்டுமா?

பதில்: போடாதீர்கள்! அது பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக வீசும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் மணிகளைக் கூட்டி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். மிச்சப் பொடி மணிகள் ஒட்டுப்பட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். விழுங்கியிருந்தால்கூடப் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். ஆவியைச் சுவாசிப்பதுதான் கெடுதல்.

கேள்வி: மண்ணெண்ணெயைப் பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் வைத்திருந்தோம், மகன் ஒரு வாய் குடித்துவிட்டான். வாந்தி எடுக்க வைத்தது சரியா?

பதில்: தவறு. வயிற்றில் இருக்கும் மண்ணெண்ணெயைவிட, மேலே வரும்போது நுரையீரலுக்குள் நழுவும் சொட்டு ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள்.

கேள்வி: வெயிலில் காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கடைக்குப் போகிறேன். கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கிவிட்டால் தூங்குகிற குழந்தைக்குப் போதுமா?

பதில்: கண்ணாடியை இறக்குவதால் பெரிதாக ஒன்றும் மாறாது. முதல் பத்து நிமிடத்திலேயே உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், குழந்தையின் உடம்பு நம்மைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். ஐந்து நிமிட வேலை வரிசையில் நின்றால் பதினைந்தாகும். எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு போங்கள், அழட்டும்.