ஐ.ஆர்.சி.யில் கோப்பு இறங்கவில்லை: ரௌட்டரை மாற்றலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டை முறையில், கேட்டால் கோப்பு அனுப்பும் ‘பாட்’ என்ற தானியங்கி நிரல் ஒன்றிடம் லினக்ஸ் ஐ.எஸ்.ஓ. (லினக்ஸை நிறுவ உதவும் கோப்பு) கேட்டால் ‘கனெக்டிங்’ என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. அரட்டை மட்டும் நன்றாக ஓடுகிறது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் புது ரௌட்டர் வாங்கச் சொல்கிறார்கள். கேபிள்காரரோ மாதாமாதம் தனியாகப் பணம் கட்டி ஸ்டாடிக் ஐ.பி. (மாறாத இணைய முகவரி) எடுக்கச் சொல்கிறார். எதற்குப் பணம் போடுவது?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் வேண்டாம். அரட்டை சர்வர் வழியாக வருகிறது, கோப்பு அப்படி வருவதில்லை. ஐ.ஆர்.சி.யில் கோப்பு அனுப்பும் டி.சி.சி. முறையில், சர்வர் அனுப்புகிறவரின் ஐ.பி.யையும் போர்ட் எண்ணையும் (கணினிக்குள் இணைப்பு நுழையும் வாசலின் எண்) உங்களிடம் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் உங்கள் கணினிதான் நேரே அந்தக் கணினியைப் போய்ப் பிடிக்க வேண்டும். ஆகவே கதவைத் திறந்து வைக்க வேண்டியவர் அனுப்புகிறவர். அவர் பக்கம் ஃபயர்வால் (இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு) மறித்தால் நீங்கள் எத்தனை ரௌட்டர் மாற்றியும் பயனில்லை.

வேறொரு பாட்டிடம் சின்னக் கோப்பு ஒன்று கேட்டுப் பாருங்கள். வந்துவிட்டால் கோளாறு உங்களிடம் இல்லை. வராவிட்டால் போன் ஹாட்ஸ்பாட்டில் முயலுங்கள். அதில் வந்தால் வீட்டு ரௌட்டரின் ஃபயர்வாலையும், அதிலும் வராவிட்டால் கணினியின் ஃபயர்வாலையும் பார்க்க வேண்டும்.

சில பாட்கள் ‘பாசிவ்’ டி.சி.சி.யில் அனுப்பும். அப்போது மட்டும் போர்ட் திறக்கிற வேலை உங்களுடையது. ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘WAN’ ஐ.பி.யைப் (இணைய நிறுவனம் ரௌட்டருக்குக் கொடுத்த முகவரி) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது ஐ.பி.யைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எவ்வளவு விலையுள்ள ரௌட்டராலும் அதைத் தாண்ட முடியாது, பொது ஐ.பி.தான் வேண்டும். அதற்குப் பணம் கட்டுமுன், வெளியிலிருந்து போர்ட் திறக்குமா என்று கேபிள்காரரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு ஐ.எஸ்.ஓ.வுக்காக மாதக் கட்டணம் கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. லினக்ஸ் வெளியிடுகிறவர்களின் சொந்தத் தளத்திலேயே அது இலவசமாக இருக்கும். பாட்டிடம்தான் வாங்குவேன் என்றால், ஷா-256 எண்ணை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) அந்தத் தளத்தில் உள்ளதோடு கட்டாயம் ஒப்பிடுங்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் கோப்பை அப்படியே நிறுவாதீர்கள்.

கேள்வி: தென்காசியிலிருந்து எழுதுகிறேன். ஐ.ஆர்.சி.யிலிருந்து பெரிய கோப்பைப் பென் டிரைவில் நேரடியாக இறக்கினால் 4 ஜி.பி.யில் நின்றுவிடுகிறது. பெரிய டிரைவ் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரே கோப்பு 4 ஜி.பி.யை எட்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் அதே இடத்தில் நின்றால் ஐ.ஆர்.சி. மென்பொருள் பழையதாக இருக்கலாம். புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள், அதற்கும் பெரும்பாலும் காசு ஆகாது.