உக்கிராணக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மளிகைக் கடை நடத்துகிறேன். தினமும் கல்லாவில் விழுவதில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாக எடுத்து வைத்தேன். இப்போது சரக்குப் போடப் பணம் இல்லை. எனக்கு விசுவாசம் குறைவா?
வாசகர், நாசரேத்

பதில்: விசுவாசத்தில் குறையில்லை, கணக்கில்தான் பிழை. கல்லாவில் விழும் பணத்தில் பெரும்பகுதி மொத்த வியாபாரிக்குச் சேரவேண்டியது. உபாகமம் 14:22 வயலில் விளைந்த பலனில் தசமபாகம் கேட்கிறது. கடைக்கு விளைச்சல் என்றால் லாபம்.

மாதம் ஒருமுறை சரக்கை எண்ணுங்கள். 1-ஆம் தேதி இருப்பு 1,10,000 ரூபாய், மாதத்தில் வாங்கியது 2,14,000, கடைசி நாள் இருப்பு 1,20,000 என்றால், விற்ற சரக்கின் அடக்கவிலை 2,04,000. விற்பனை 2,40,000 என்றால் நிற்பது 36,000. அதில் வாடகை 8,000, கரண்ட் 2,500, வேலையாள் சம்பளம் 9,000, வண்டிக்கூலி முதலான சில்லறைச் செலவு 1,500 போக மீதி 15,000. வீட்டுச் சமையலுக்குக் கடையிலிருந்து எடுத்த 4,000 ரூபாய்ச் சரக்கும் உங்கள் வருமானமே. அதை வாங்கிய விலையில் கூட்டுங்கள். ஆக 19,000, தசமபாகம் 1,900. விற்பனையில் பத்தில் ஒன்று 24,000! லாபத்தையே தாண்டிப் போய் முதலைத் தின்றிருக்கிறது.

இரண்டு இடத்தில் தவறு நேரும். எலி கடித்த மூட்டையையும் தேதி முடிந்த பிஸ்கட்டையும் இருப்பில் சேர்த்தால் இல்லாத லாபம் தெரியும். கடன் நோட்டில் எழுதியதை விற்பனையில் சேர்க்காவிட்டால் இருக்கிற லாபம் மறையும். சேர்த்துவிட்டு, வராக்கடன் என்று உறுதியான மாதத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 50,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறோம். நகையை அடகு வைத்தாவது தசமபாகம் கொடுக்கச் சொல்கிறார் எங்கள் ஊழியக்காரர்.
வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே கொடுப்பது ஏற்றுக்கொள்ளப்படும் என்று பவுல் தெளிவாகவே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:12). தவணையைத் தவறவிட்டுப் போடும் காணிக்கை, கடன் கொடுத்தவருடைய பணத்தில் போடும் காணிக்கை. சிறு தொகையானாலும் விடாமல் கொடுங்கள். பத்தில் ஒன்றுக்குக் கடன் குறைந்தபின் திரும்பலாம். இதில் போதகர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, எங்கள் தீர்ப்பு இது.

நகையை அடகு வைப்பதாக இருந்தால் கடனை மாற்ற வையுங்கள். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். நீங்கள் மாதம் கட்டுவது 1,500. வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி சுமார் 417 ரூபாய்தான். அந்த மலிவில் மயங்கி பலர் ஆண்டு முடிவை மறந்துவிடுகிறார்கள். ஓராண்டில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் வகையானால், கட்டாத நகை ஏலத்துக்குப் போகும். பழையபடி மாதம் 1,500 எடுத்து வையுங்கள். ஆண்டு முடிவில் 18,000 இருக்கும். வட்டி 5,000, அசலில் 13,000 கழித்து, 37,000-க்கு மட்டும் மறு அடகு வைக்கலாம். வட்டிக்காரரிடம் கடன் அடைத்த அன்றே புரோ நோட்டையும், கொடுத்திருந்தால் வெற்றுச் செக்கையும் திரும்ப வாங்கிவிடுங்கள். மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் தரலாம்.

கேள்வி: சபைக் காணிக்கைக்கு வருமான வரிச்சலுகை உண்டா?
வாசகர், அம்பத்தூர்

பதில்: பொதுவாகக் கிடையாது. நாம் 80ஜி என்று சொல்லும், நன்கொடைக்கான வரிச்சலுகை, ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நன்மைக்கென்றே நடக்கும் அமைப்புக்குப் பொருந்தாது. மிஷன் மருத்துவமனை, பிள்ளைகள் இல்லம் போன்றவை அங்கீகாரம் பெற்றிருந்தால் உண்டு. அங்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே இல்லை.

கேள்வி: சபைப் பொருளாளராகப் புதிதாக வந்திருக்கிறேன். காணிக்கையை ஒருவரே வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணிவருவது இங்கே வழக்கம். மாற்றச் சொன்னால் “என்மேல் சந்தேகமா?” என்கிறார்.
வாசகர், பாளையங்கோட்டை

பதில்: எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரர் கூட வந்தார் (2 கொரிந்தியர் 8:19-21). எண்ணுகிறவரைப் பழியிலிருந்து காக்கும் ஏற்பாடு இது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆலயத்தைவிட்டு வெளியே போகுமுன் எண்ணவேண்டும். ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணட்டும், வாரந்தோறும் ஆள் மாறட்டும். நீங்கள் எண்ணாதீர்கள், பெற்றுக்கொள்ளுங்கள். 500, 200, 100 என்று நோட்டுவாரியாகச் சீட்டு எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு பிரதி எடுக்கவேண்டும். கவரின்மேல் எழுதிய தொகையும் உள்ளிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, தணிக்கை முடியும்வரை கவர்களை வைத்திருங்கள். திங்களன்று முழுத் தொகையும் வங்கிக்குப் போகவேண்டும்.

பூவுக்கும் ஒலிபெருக்கிக்கும் காணிக்கைப் பையிலிருந்தே கொடுத்துவிட்டு மீதியை வரவு வைப்பது நம் சபைகளின் பழைய வியாதி. 9,200 வந்து 1,400 செலவானால் புத்தகத்தில் 7,800 மட்டும் ஏறும். வரவும் மறையும், செலவும் மறையும். கைச்செலவுக்கு வங்கியிலிருந்து தனியாக 3,000 எடுத்து, பில் வாங்கிச் செலவிடுங்கள்.

காணிக்கையாக வந்த பொருள்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலம்தான் பெரிய ஓட்டை. ஒரு முட்டையை உற்சாகத்தில் 300 ரூபாய்க்குக் கேட்டவர் “அப்புறம் தருகிறேன்” என்று போய்விடுவார். பொருள், கேட்டவர், தொகை, கட்டியது, பாக்கி என ஐந்து பத்தி போட்ட நோட்டுடன் ஏலம் கூறுபவர் பக்கத்திலேயே ஒருவர் உட்காரட்டும்.

வாசலில் க்யூஆர் அட்டை இருந்தால், வாரம் ஒருமுறை உங்கள் கைப்பேசியிலேயே ஸ்கேன் செய்து, திரையில் சபையின் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்ட ஒரு நிமிடம் போதும். போதகரின் சொந்த எண் அதில் வந்தால், அவர் எவ்வளவு நல்லவரானாலும் அட்டையைக் கழற்றிவிடுங்கள்.