கடலுக்குள் தூண் நடும் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

அன்புள்ள ஆச்சி,

மூன்றாம் ஆண்டு சிவில் படிக்கும் தம்பி கடல் காற்றாலை அடித்தளம் போடும் துறைக்குப் போக ஆசைப்படுகிறான், நடுக்கடலில் பிள்ளை என்ன பாடுபடுவானோ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை நல்லதுதான். அந்தத் துறையில் பாதிக்கு மேல் கரை வேலை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

கடலில் அதிகம் நடப்படுவது 'மோனோபைல்' எனும் இரும்புக் குழாய். ஏழெட்டு மீட்டர் விட்டம், அதாவது ஒரு வளவு முற்றத்தை அடைத்துக்கொள்ளும். எடை ஆயிரம் டன்னைத் தாண்டும். கனத்த தகடுகளை வளைத்து, வளையம் வளையமாக வெல்டிங் செய்து, ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் அல்ட்ராசோனிக்கில் (மீயொலியில்) சோதிப்பதெல்லாம் கரையிலுள்ள யார்டில். கப்பல் கால் ஊன்றி நின்று சம்மட்டியால் அடித்து இறக்குவது மட்டுமே கடலில். மண் பரிசோதனை பிசகினால் இளகிய களியில் குழாய் திடீரென்று சரசரவென இறங்கிவிடும், பாறை தட்டினால் அப்படியே நின்றுவிடும். அதனால் சாயில் மெக்கானிக்ஸில் தம்பி கோட்டை விடக் கூடாது.

ஆனால் நான் அவனுக்குச் சொல்வது துருவைப் படி என்பதுதான். மோனோபைலின் உட்புறம் காற்றுப் புகாது, உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு நின்றுவிடும் என்று ஆரம்பத்தில் கணக்குப் போட்டார்கள். கேபிள் நுழையும் இடத்து சீல் கசிந்தது. புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் வந்து சுவரைக் குழிகுழியாக அரித்தது. அதற்காக, தான் கரைந்து இரும்பைக் காக்கும் அலுமினிய ஆனோடுகளை உள்ளே தொங்கவிட்ட சில இடங்களில், தேங்கிய நீர் அமிலமாகி, ஹைட்ரஜன் வாயுவும் சேர்ந்தது. இப்போது நீர் வந்து போகத் துளை விட்டு வடிவமைக்கிறார்கள். வாயுமானி இல்லாமல் குழாயின் மூடியைத் திறந்து இறங்குவது உயிருக்கே ஆபத்து. இதை அவன் மறக்கவே கூடாது.

வெளிப்புறத்தில் துரு பிடிக்காமலிருக்க இரும்பின் மின்னழுத்தம், வெள்ளி குளோரைடு மின்முனையை வைத்து அளந்தால், மைனஸ் 0.80 வோல்ட்டாவது இருக்க வேண்டும். மைனஸ் 1.10-ஐத் தாண்டினால் ஹைட்ரஜன் ஏறி, உறுதி மிகுந்த இரும்பில் வெடிப்பு விழலாம். இதைப் படிக்க வெளியூர் போகத் தேவையில்லை. 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சிக்ரி, உங்கள் காரைக்குடியிலேயே இருக்கிறது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்கான 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட். ஒப்புதல் வந்த வேகத்தில் வேலை வந்துவிடாது. முதல் வேலை துறைமுகத்திலோ, கடல் பாலத்திலோ, ஃபேப்ரிகேஷன் யார்டிலோ அமையட்டும். பாம்பன் பாலத்தைத் துரு படுத்திய பாடு நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அறிவுக்கு அங்கெல்லாம் மதிப்புண்டு. அல்ட்ராசோனிக் லெவல் 2 சான்றிதழ் அப்போது எடுக்கலாம். ஆராய்ச்சியில் நாட்டமிருந்தால் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி மெட்ராஸ் கடல்சார் பொறியியல் துறைக்குப் போகலாம்.

கடலில் உயிர் காக்கும் ஜிடபிள்யூஓ (உலகக் காற்றாலை அமைப்பு) பயிற்சிக்கு ஏஜென்ட் யாராவது இப்போதே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் சான்று இரண்டே வருடம் செல்லும். வேலை ஆர்டர் கைக்கு வந்தபின் எடுத்தால் போதும்.

இந்த வாரமே துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி, விடுமுறைப் பயிற்சிக்கு சிக்ரியின் அரிமான (துரு) பிரிவில் கேட்கச் சொல்லுங்கள்.