சின்ன டேங்கர் கப்பலைத் தேடுகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

திருவொற்றியூர் கரையிலிருந்து பார்த்தால் டேங்கர் நிற்கிறது. கப்பல்களைக் காட்டும் கைபேசி வரைபடத்தில் காணோமே?

முதலில் அந்தப் பகுதியில் கடைசியாகத் தகவல் பதிவான நேரத்தைப் பாருங்கள். ஓடும் கப்பலின் ஏஐஎஸ் கருவி (கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக ஒலிபரப்புவது) 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்பும். நங்கூரமிட்டால் 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். அது விஎச்எஃப் என்னும் வானொலி அலை, ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கட்டடம் மறைத்தாலோ கரையிலுள்ள ரிசீவர் நின்றுபோனாலோ வரைபடத்தில் வராது. சோலாஸ் என்னும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி உள்நாட்டில் மட்டும் ஓடும் சரக்குக் கப்பலுக்கு 500 ஜிடி (கப்பலின் மொத்த உள்ளிட அளவு) முதல்தான் இந்தக் கருவி கட்டாயம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒரே பெயரில் மூன்று கப்பல்கள். எது என்னுடையது?

பெயரை விடுங்கள், கப்பலின் நிரந்தர அடையாளமான ஐஎம்ஓ எண்ணைப் பிடியுங்கள். விற்றாலும் கொடி மாறினாலும் அந்த 7 இலக்கம் மாறாது. கப்பலின் ரேடியோ அடையாள எண்ணான 9 இலக்க எம்எம்எஸ்ஐ கொடியோடு மாறிவிடும். இந்தியக் கொடி என்றால் 419-இல் தொடங்கும். ஐஎம்ஓ எண் சரியா என்று நீங்களே பார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 9074729-க்கு 139 வரும். அதன் கடைசி இலக்கமும் எண்ணின் கடைசி இலக்கமும் 9. பொருந்தாவிட்டால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

டேங்குகள் 4,000 கனமீட்டர், டெட்வெயிட் (கப்பல் சுமக்கக்கூடிய மொத்த எடை) 3,500 டன். எவ்வளவு ஏற்றலாம்?

சரக்கைப் பொறுத்தது. டேங்கை 98 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை, எண்ணெய் சூட்டில் விரியும். அப்படியானால் 3,920 கனமீட்டர். பெட்ரோலின் அடர்த்தி (ஒரு கனமீட்டருக்கு எத்தனை டன்) 0.74 என்றால் சுமார் 2,900 டன். எடையில் இடமிருந்தும் டேங்க் நிரம்பிவிடும். 0.96 அடர்த்தியுள்ள ஃபர்னஸ் ஆயில் அதே அளவில் 3,763 டன் ஆகிவிடும், ஏற்ற முடியாது. டெட்வெயிட்டில் கப்பலின் சொந்த எரிபொருள், தண்ணீர், பொருட்கள், ஆட்கள் எல்லாம் அடக்கம். இதற்கெல்லாம் 200 டன் கழித்தால் சரக்குக்கு 3,300. டேங்குகள் 86 சதவீதத்தில் நின்றுவிடும். ஜிடி எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அது உள்ளிடத்தின் அளவு, எடையே அல்ல.

காலியாக வந்த கப்பலுக்கு டிராஃப்ட் (தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம்) 5.8 மீட்டர் என்று வரைபடம் காட்டுகிறதே?

ஏஐஎஸ் கருவியில் டிராஃப்ட்டும் போகுமிடமும் கப்பலில் உள்ளவர்கள் கையால் உள்ளிடுபவை. போன பயணத்தில் அடித்தது அப்படியே நிற்கும். பைனாகுலரில் கப்பலின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் டிராஃப்ட் எண்களைப் படியுங்கள்: எண்ணின் அடிவிளிம்புதான் அளவு, எண்ணின் உயரம் 10 சென்டிமீட்டர். தண்ணீர் எண்ணின் பாதியில் நின்றால் 5 சென்டிமீட்டர் கூட்டுங்கள்.