குழாயில் சுற்றிய ஹீட் டேப் வேலை செய்கிறதா? கேள்வி பதில்

கேள்வி: சார், தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சுற்றிய ஹீட் டேப்பின் பிளக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. தொட்டால் டேப் ஜில்லென்று இருக்கிறது. போய்விட்டதா?

பதில்: அந்த விளக்கை நம்பாதீர்கள். பல மாடல்களில் பிளக் வரை கரண்ட் வந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. டேப்போடு வரும் தெர்மோஸ்டாட், பெரும்பாலும் 3 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கரண்ட்டை உள்ளே விடும், 7 டிகிரி வந்தால் நிறுத்திவிடும். வெயில் நேரத்தில் சோதித்தால் நல்ல டேப்பும் செத்தது போலத்தான் கிடக்கும். பிளாஸ்டிக் பையில் ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி, கசியாமல் கட்டி, தெர்மோஸ்டாட் மேல் கால் மணி நேரம் வையுங்கள். அது குளிர்ந்து கரண்ட்டை விடும்போது சில வகைகளில் ‘டிக்’ என்ற சத்தம்கூடக் கேட்கும்.

கேள்வி: ஐஸ் வைத்தேன் சார். சூடு வந்த மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது!

பதில்: கை சரியான மீட்டர் இல்லை. டேப்பின் வேலை தண்ணீரைச் சுட வைப்பது அல்ல, உறையாமல் காப்பது. வரும் சூட்டைக் குழாய்த் தண்ணீரே இழுத்துக்கொள்ளும். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் வாட் மீட்டர் இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 230 வோல்ட்டில் 100 வாட் டேப் என்றால் சுமார் 0.43 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஐஸ் வைத்தும் பூஜ்ஜியம் என்றால் டேப்போ தெர்மோஸ்டாட்டோ போய்விட்டது.

கேள்வி: அண்ணா, நான் கிளாம்ப் மீட்டரை (வயரை வெளியே கவ்வியே கரண்ட்டை அளக்கும் மீட்டர்) வயரில் மாட்டிப் பார்த்தேன். 0.00 தான்.

பதில்: வயரை முழுசாகக் கவ்வியிருப்பீர்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும், மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். இதே தப்பைச் செய்து நல்ல டேப் ஒன்றைக் கழற்றி எறிந்தவன் நான்! ஒற்றை வயரை மட்டும் கவ்வ வேண்டும். அதற்கென்றே வயர் பிரித்த எக்ஸ்டென்ஷன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், டேப்பின் வயரை உரிக்காதீர்கள். கரண்ட் குறைவாக இருப்பதால், அந்த ஒற்றை வயரைக் கவ்வியில் 5 சுற்று சுற்றி, வருகிற எண்ணை 5-ஆல் வகுத்தால் துல்லியம் கூடும்.

கேள்வி: மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் போதாதா?

பதில்: பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நிலையான வாட் வகைக்கு (எப்போதும் ஒரே அளவு சூடு தருவது) வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுங்கள்: 230 வோல்ட், 100 வாட்டுக்கு 529 ஓம். தெர்மோஸ்டாட் இணைப்பைத் துண்டித்திருந்தால் ஓப்பன் (இணைப்பே இல்லை) என்றுதான் காட்டும், அதனால் இங்கேயும் ஐஸ் தேவை. குளிருக்கேற்பத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகைக்கு நிலையான எண் கிடையாது. சூடேற ஏற அதன் ஓம் கூடும்.

கேள்வி: தானே கூட்டிக் குறைக்கும் வகைதான் என்னுடையது. முதல் பாதி இதமாக இருக்கிறது, கடைசிப் பாதி செத்துக் கிடக்கிறது.

பதில்: அதில் இரண்டு கம்பிகள் நீளமாக ஓடும், நடுவில் இருக்கும் கருப்புப் பொருள்தான் சூடாகும். ஒரு கம்பி நடுவில் அறுந்தால், அதற்கு முன்பகுதி மட்டும் வேலை செய்யும். ஆகவே எப்போதும் கடைசி முனையில் சோதியுங்கள். சாதா வயர் என்று நினைத்து முனையில் அந்த இரண்டு கம்பிகளையும் முறுக்கிவிடாதீர்கள், நேரடி ஷார்ட் ஆகிவிடும்.

கேள்வி: மழை பெய்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகிறது. அதைத் தவிர்த்து நேரே கொடுத்துவிடட்டுமா?

பதில்: கூடவே கூடாது! எங்கோ உறை வெடித்தோ எலி கடித்தோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஷாக் மட்டுமல்ல, தீயும் பிடிக்கும். இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைக்காமல் ஹீட் டேப்பையே முழுசாக மாற்றுங்கள்.

கேள்வி: டேப் நீளம் மிச்சம். அதன் மேலேயே இன்னொரு சுற்று சுற்றலாமா?

பதில்: நிலையான வாட் வகை என்றால் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று படும் இடம் கருகும். மற்ற வகைக்கு அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.