டிஸ்க் நிறைந்ததும் பெரிய பிளான் வாங்க ஓடாதீர்கள்: சொந்த சமூக சர்வர் நடத்துபவர்களின் கேள்விகள்

கேள்வி: நண்பர்கள் ஆறு பேருக்காக ஒரு மாஸ்டடான் (ட்விட்டர் போன்ற சமூக வலைத்தள மென்பொருள்) சர்வர் நடத்துகிறேன். 80 ஜிபி டிஸ்க் உள்ள வாடகை சர்வர். ஆள் குறைவாக இருக்கிறோமே, டைம்லைன் கலகலப்பாக இருக்கட்டும் என்று இரண்டு ரிலே (மற்ற சர்வர்களின் பொதுப் பதிவுகளை மொத்தமாக அனுப்பும் சேவை) சேர்த்தேன். எட்டு மாதத்தில் டிஸ்க் 94 சதவீதம் நிறைந்துவிட்டது. நாங்கள் போடும் படங்கள் கொஞ்சம்தான். கம்பெனியில் கேட்டால் இருமடங்கு விலையுள்ள 160 ஜிபி பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா, அல்லது ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் (கோப்புகளை வைக்க இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் இடம்) வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். 160 ஜிபிக்கு மாறினால் அடுத்த எட்டு மாதத்தில் அதுவும் நிறையும், அப்போதும் இதே கேள்வியோடுதான் நிற்பீர்கள்.

உங்கள் டிஸ்க்கை நிரப்பியிருப்பது நீங்கள் ஆறு பேர் இல்லை. நீங்கள் பின்தொடரும் வெளி சர்வர் ஆட்கள் படமோ வீடியோவோ போட்டால், உங்கள் ஆட்கள் அதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மாஸ்டடான் அதற்கு ஒரு நகலை இறக்கி உங்கள் டிஸ்க்கில் வைத்துக்கொள்கிறது. இதுதான் கேச். ரிலே சேர்ப்பது இப்படி வந்து சேரும் குழாயை முழுதாகத் திறந்துவிடுவது. யாருமே பின்தொடராத ஆட்களின் படங்கள்கூட உங்கள் காசில் வந்து குவியும். ஆறு பேர் சர்வருக்கு இரண்டு ரிலே ரொம்ப அதிகம், ஒன்றையாவது இன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, மாஸ்டடானோடு வரும் டூட்சிடிஎல் (tootctl) கருவியில் மீடியா யூசேஜ் (media usage) என்ற கட்டளையை ஓட்டுங்கள். பதிவோடு சேர்த்த படங்களும் வீடியோக்களும், முகப்படங்கள், எமோஜி, லிங்க் முன்னோட்டப் படங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று காட்டும், அதில் உங்கள் ஆட்களுடையது மட்டும் எவ்வளவு என்பதும் தனியாக வரும். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும். பிறகு மீடியா ரிமூவ் (media remove) ஓட்டினால் போதும், நாள் கணக்கு எதுவும் கொடுக்காவிட்டால் 7 நாளுக்கு முந்தைய வெளிப் படங்களின் நகல்களை அழிக்கும். உங்கள் ஆட்கள் போட்டதைத் தொடாது. அழிந்த வெளிப் படம் யாருக்காவது வேண்டும் என்றால் பதிவைத் திறக்கும்போது மூல சர்வரிலிருந்து மறுபடி வந்துவிடும், அந்த சர்வர் மூடப்பட்டிருந்தாலோ அங்கே படம் நீக்கப்பட்டிருந்தாலோதான் வராது. லிங்க் முன்னோட்டப் படங்களுக்குத் தனிக் கட்டளை இருக்கிறது, அதன் இயல்பான கணக்கு 180 நாள்.

இதை வாராவாரம் கையால் செய்யத் தேவையில்லை. நிர்வாகப் பகுதியில் சர்வர் அமைப்புகளுக்குள் கன்டென்ட் ரிடென்ஷன் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே மீடியா கேச் பெட்டியில் 7 அல்லது 14 என்று போட்டால் தானாக நடக்கும், காலியாக விட்டால் எதுவும் அழியாது. ஆனால் அதே பக்கத்தில் கன்டென்ட் கேச் அல்லது ரிமோட் கன்டென்ட் என்று (பதிப்பைப் பொறுத்து) இன்னொரு பெட்டி இருக்கிறது, பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். அது படங்களை அல்ல, வெளி சர்வர்களின் பதிவுகளையே அழிக்கும், உங்கள் நண்பர் புக்மார்க் செய்து வைத்தது, விருப்பம் தெரிவித்தது எல்லாம் போகும், வேறு சர்வர் ஆட்களோடு நடந்த தனிப்பட்ட உரையாடல்களும் போகும், திரும்ப எடுக்க வழியே கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகும் இடம் போதவில்லை என்றால் அப்போது ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் வாங்கலாம், அது நியாயமான செலவு.

கேள்வி: ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் கம்பெனிகள் எல்லாமே அமேசானின் எஸ்3 (S3) சேவை போலத்தான் என்கின்றன. விலைதான் தலை சுற்றுகிறது. 50 ஜிபி அளவுக்கு எதை வாங்கலாம்?

பதில்: ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்ற விலையை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவீர்கள். மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள்: வைத்திருக்க எவ்வளவு, வெளியே அனுப்ப எவ்வளவு, குறைந்தபட்சக் கட்டணம் என்று ஏதாவது இருக்கிறதா.

அமேசான் எஸ்3 மும்பையில் ஜிபிக்கு மாதம் 0.025 டாலர், அதாவது 50 ஜிபிக்கு ஒன்றேகால் டாலர்தான். ஆனால் படங்களை மற்றவர்கள் பார்க்கும்போது வெளியே போகும் டேட்டாவுக்குத் தனிக் காசு, மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு சுமார் 0.11 டாலர். ஒரு பதிவு பரவி 300 ஜிபி வெளியே போனால் அதற்கு மட்டும் 22 டாலர் ஆகிறது. சமூக சர்வரில் எந்தப் படம் எப்போது பரவும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் முன்னால் வேறு கேச் எதுவும் இல்லாமல் நேரடியாக இதில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளவுட்ஃபிளேர் ஆர்2வில் வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணமே இல்லை. முதல் 10 ஜிபி இலவசம், பிறகு ஜிபிக்கு 0.015 டாலர், ஆக உங்கள் 50 ஜிபிக்கு 60 சென்ட். எழுதும் படிக்கும் கோரிக்கைகளுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் இலவச அளவு சின்ன சர்வருக்குத் தாராளம். ஒரே நிபந்தனை, உங்கள் சொந்த டொமைனில் படங்களைக் காட்ட அந்த டொமைன் அவர்களிடம் இருக்க வேண்டும். பேக்பிளேஸ் பி2 ஒரு டிபிக்கு மாதம் 6-7 டாலர் அளவு, சேமித்த அளவைப் போல மூன்று மடங்கு வரை இலவசமாக வெளியே அனுப்பலாம். டிஜிட்டல்ஓஷன் ஸ்பேசஸ் மாதம் 5 டாலருக்கு 250 ஜிபி இடமும் 1 டிபி டேட்டாவும் தருகிறது, பெங்களூரிலும் இருக்கிறது, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 5.90. பில் மாதாமாதம் ஒரே மாதிரி வர வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் நிம்மதி.

கவனமாகப் படிக்க வேண்டியது வசாபி. டிபிக்கு மாதம் 7-8 டாலர் அளவு, வெளியே அனுப்பத் தனிக் கட்டணம் இல்லை என்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 50 ஜிபி வைத்தாலும் 1 டிபிக்கான கட்டணம் கட்ட வேண்டும், அதோடு மாதாமாதம் கட்டும் பிளானில் ஒவ்வொரு கோப்புக்கும் 90 நாள் குறைந்தபட்சக் கணக்கு. மேலே சொன்னபடி நீங்கள் கேச்சை 7 நாளில் அழிப்பீர்கள், பில்லில் அது 90 நாள் இருக்கும். பேக்கப் வைக்க நல்ல இடம், வந்து வந்து போகும் கேச்சுக்குப் பொருந்தாது. விலைகள் மாறும், கார்டு எண்ணைக் கொடுக்கும் முன் அவர்கள் விலைப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

எங்கே வாங்கினாலும் இரண்டு வேலையை முதல் நாளே செய்யுங்கள். ஒன்று, மாஸ்டடான் அமைப்புக் கோப்பில் எஸ்3 அலியாஸ் ஹோஸ்ட் (S3_ALIAS_HOST) என்ற இடத்தில் கம்பெனி தரும் நீளமான முகவரியை விட்டுவிட்டு உங்கள் டொமைனுக்குக் கீழே ஒரு துணை டொமைனைக் கொடுங்கள். நான் முதலில் இதைச் செய்யவில்லை. பிறகு அந்தக் கம்பெனியை விட்டு வேறிடம் போனபோது, எங்கள் சர்வரில் படங்கள் சரியாகத் தெரிந்தன, மற்ற சர்வர்களில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பழைய பதிவுகளில் மட்டும் படங்கள் உடைந்து நின்றன, ஏனென்றால் அவர்களிடம் பதிந்திருந்தது பழைய முகவரி. ஒரு உறுப்பினர் தன் மகளின் முதல் பிறந்தநாள் படங்களை அப்படி இழந்தார் என்று நினைத்துப் பதறி எனக்கு எழுதினார். கோப்புகள் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனாலும் அந்த மாதிரிப் பதற்றத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, பக்கெட்டில் (அந்தக் கம்பெனியிடம் உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்) தனித்தனிக் கோப்பை யாரும் படிக்கலாம், ஆனால் மொத்தப் பட்டியலை யாரும் பார்க்க முடியாது என்று அனுமதியை வையுங்கள். பட்டியல் திறந்திருந்தால் தனிப்பட்ட செய்தியில் அனுப்பிய படம்கூட யார் கைக்கும் போகும்.

கேள்வி: ஃபோனில் எடுத்த வீடியோவை ஏற்றினால் 413 பிழை வருகிறது. வரம்பை 500 எம்பியாக உயர்த்த எங்கே போக வேண்டும்?

பதில்: 413 என்றால் கோப்பு மாஸ்டடானை எட்டவே இல்லை, முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வலை சர்வர் மென்பொருள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. அதன் இயல்பான வரம்பு வெறும் 1 எம்பி. மாஸ்டடானோடு வரும் மாதிரி என்ஜின்எக்ஸ் கோப்பில் 99 எம்பி என்று இருக்கும், உங்களுடையதில் பழைய எண் இருக்கிறதா பாருங்கள். மாஸ்டடான் 4.2 முதல் படத்துக்கு 16 எம்பி, வீடியோவுக்கு 99 எம்பி. மாஸ்டடானின் இந்த வரம்பை உயர்த்த நிர்வாகப் பகுதியில் பொத்தான் இல்லை, நிரலையே திருத்த வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டிலும் மறுபடி திருத்த வேண்டும். அப்படித் திருத்தினாலும் மற்ற மாஸ்டடான் சர்வர்கள் தங்கள் வரம்புக்கு மேற்பட்ட வீடியோவை எடுத்துக்கொள்ளாது, வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையில் உங்கள் சின்ன சர்வரும் திணறும். ஃபோன் கேமராவில் 4கே-யை 1080பி-க்குக் குறைத்துவிடுங்கள், செலவில்லாமல் தீரும்.

கேள்வி: நான் மட்டும்தான். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் வீட்டிலேயே நடத்தலாமா? பெரிய மெமரி கார்டு வாங்கினால் போதுமா?

பதில்: மெமரி கார்டு வேண்டாம். டேட்டாபேஸ் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், கார்டு தாங்காது. அந்தக் காசில் யுஎஸ்பி வழியாக மாட்டும் 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள், 1 டிபி எல்லாம் தேவையில்லை. ஒருவருக்கு மாஸ்டடான் வேண்டாம், அதே மாதிரியான கோடூசோஷியல் (GoToSocial) மென்பொருள் போதும், வெளிப் படங்களை 7 நாள் மட்டும் வைத்துக்கொள்வது அதில் இயல்பாகவே இருக்கிறது. ப்ளெரோமா (Pleroma) என்ற இன்னொரு மென்பொருள் பிடிக்கும் என்றால், நிறுவும்போது படங்களிலிருந்து ஜிபிஎஸ் இருப்பிடத்தை நீக்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள், வீட்டு முகவரி படத்தோடு ஊருக்கே போவதைத் தடுக்கும். எஸ்எஸ்டி வாங்கும் முன் உங்கள் இணைய நிறுவனத்திடம் பொது ஐபி முகவரி கிடைக்குமா என்று கேளுங்கள். பல இணைப்புகளில் ஒரே ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன, அப்படியானால் வெளியிலிருந்து உங்கள் சர்வரை நேரடியாக எட்ட முடியாது, மாதம் சில டாலர் வாடகை சர்வரே உங்களுக்கு மலிவாக முடியும்.